புத்தகக் குழுவின் முதல் வருடம்: பத்து நாவல்கள், கடைசியில் ஒரு ஓட்டு

நாவல் வாசிப்புக் குழு தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது ஒரு பட்டியல். “நல்ல நாவலா பன்னிரண்டு சொல்லுங்க, மாசத்துக்கு ஒண்ணா முடிச்சிடறோம்.” பட்டியல் கொடுப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. விருது வாங்கியவை, கட்டாயம் படிக்க வேண்டிய நூறு என்று தேடினால் கொட்டும். ஆனால் தனியாக உட்கார்ந்து படிக்க ஏற்ற நாவல் வேறு, எட்டுப் பேர் கூடி இரண்டு மணி நேரம் பேச ஏற்ற நாவல் வேறு. எல்லோருக்கும் ஒரே மாதிரி பிடித்துப்போன புத்தகம் என்றால் “ரொம்ப நல்லா இருந்துச்சு”, “ஆமாம், எனக்கும்” என்று இருபது நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். மீதி நேரம் சினிமாவும் வேலையும்தான். அதனால் எல்லோருக்கும் பிடிக்குமா என்று யோசித்துப் புத்தகம் எடுக்காதீர்கள், கருத்து வேறுபாடு வருமா என்று யோசித்து எடுங்கள். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இதை நடைமுறைக்குக் கொண்டுவரும் வழிகள்தான்.

முதலில் ஆட்கள்

ஆறு முதல் பத்துப் பேர் போதும். எட்டுப் பேர் பெயர் கொடுத்தால் ஐந்தாறு பேர்தான் வருவார்கள், அதுவே நல்ல எண்ணிக்கை. இரண்டு மணி நேரத்தை எட்டால் வகுத்தால் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். பதினைந்து பேர் என்றால் எட்டே நிமிடம், அதில் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். அப்படி ஆகிவிட்டால் அது கூட்டம், குழு இல்லை. நிறையப் பேர் ஆர்வமாக வந்தால் இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள், ஒரே பட்டியலை இரண்டு குழுவும் படிக்கட்டும்.

ரசனை ஒரே மாதிரி இருப்பவர்களாகத் தேடிச் சேர்க்க வேண்டாம். தொடர்கதை படித்தே வளர்ந்தவர் ஒருவர், ‘தீவிர இலக்கியம்’ தவிர வேறெதையும் தொடாதவர் ஒருவர், பள்ளிக்கூடத்தோடு நாவல் படிப்பதை விட்டுவிட்டு இப்போது மறுபடி ஆரம்பிக்கிறவர் ஒருவர் என்று கலந்து இருந்தால்தான் பேச்சு சூடு பிடிக்கும். இதில் மூன்றாவது ஆளை விட்டுவிடாதீர்கள். எல்லோரும் தெரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருக்கும்போது “இந்த ஆள் ஏன் இப்படிப் பண்றான்னு எனக்குப் புரியவே இல்லை” என்று சொல்லக்கூடியவர் அவர்தான்.

தேதியை ஒரே தடவையில் முடிவு செய்யுங்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு என்றால் வருடம் முழுக்கக் கடைசி ஞாயிறு. மாதாமாதம் வாட்ஸ்அப்பில் யாருக்கு எந்த நாள் வசதி என்று கேட்டு ஓட்டெடுப்பு நடத்தும் குழுக்கள் நாலாவது மாதத்தைத் தாண்டுவது கஷ்டம். இரண்டு பேர் வரமுடியாவிட்டாலும் கூட்டம் நடக்கட்டும்.

பக்கக் கணக்கு

இதைப் பலர் போடுவதில்லை, போட்டால் பட்டியலே மாறிவிடும். முந்நூறு பக்க நாவலை நாலு வாரத்தில் முடிக்க ஒரு நாளைக்குப் பதினோரு பக்கம் படிக்க வேண்டும். மணிக்கு முப்பது பக்கம் படிக்கிறவருக்கு அது தினமும் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். வேலைக்குப் போகிற, குழந்தை வைத்திருக்கிற ஒருவரால் முடியக்கூடிய அளவு இதுதான். இதே வேகத்தில் ஆயிரம் பக்க நாவலுக்கு மூன்று மாதம் ஆகும். சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ ஆயிரம் பக்கத்தைத் தாண்டுகிறது, ஒரு மாதத்துக்கு அதைப் போட்டுவிட்டு “யாருமே முடிக்கலையே” என்று வருத்தப்பட்டுப் பிரயோஜனம் இல்லை.

அதனால் வருடத்துக்குப் பன்னிரண்டு வேண்டாம், பத்து போதும். ஒரு பெரிய நாவலுக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள், ஒரு மாதத்தைச் சும்மா விடுங்கள். பரீட்சை, கல்யாணம், காய்ச்சல் என்று எல்லாம் வரும் மாதம் ஒன்று நிச்சயம் இருக்கும். அது எது என்று முன்கூட்டித் தெரியாது, எனவே வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் போடுவது

ஒவ்வொருவரும் இரண்டு நாவல்களை முன்மொழியட்டும். அதில் ஒன்றையாவது அவர் படித்திருக்க வேண்டும். யாருமே படிக்காத புத்தகங்களாக வருடம் முழுக்க எடுத்தால் சூதாட்டமாகிவிடும், எல்லாமே யாரோ படித்ததாக இருந்தாலும் சுவாரஸ்யம் போய்விடும். மொத்தம் பதினாறு தலைப்பு வந்தால் அதிலிருந்து பத்தை எடுங்கள். முன்மொழிகிறவர் “இது அருமையான நாவல்” என்று சொன்னால் மட்டும் போதாது, “இதில் எதைப் பற்றி நமக்குள் ஒத்துப்போகாது” என்று ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் அவர் தனியாகவே இன்னொரு தடவை படித்துக்கொள்ளட்டும்.

அப்புறம், கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நல்ல நாவல்கள் பல அச்சில் இல்லாமல் போய், பத்து வருடம் கழித்து வேறு பதிப்பகத்தில் திடீரென்று வரும். எட்டுப் பிரதி கிடைக்காத புத்தகம் இந்த வருடப் பட்டியலில் வேண்டாம். பழைய நூல்களுக்கு மதுரைத் திட்டம் என்ற மின்நூல் தளம் இருக்கிறது, கல்கி மாதிரி நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நாவல்கள் அங்கே இலவசமாகவே கிடைக்கும். ஈழத்து நூல்களுக்கு நூலகம் என்ற மின்நூலகம். உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் புத்தகத்தை யாராவது பிடிஎஃப் ஆக்கிக் குழுவில் போட்டால் தயங்காமல் அதை நீக்கச் சொல்லுங்கள்.

எதை முதலில், எதை நடுவில்

முதல் மாதம் சின்னது. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். எல்லோரும் முடித்துவிட்டு வந்த கூட்டம் ஒன்றாவது ஆரம்பத்தில் நடந்தால்தான் குழுவுக்கு ஒரு தைரியம் வரும். சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ (1959) நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும், ஒரே மாலையில் படிக்கலாம். மாடு அணைப்பதைப் பற்றிய கதை என்று நினைத்துப் படிக்க ஆரம்பிப்பார்கள், ஆனால் ஜமீன்தார் வரும் அந்தக் கடைசிப் பகுதியைப் படித்த பிறகு இது யாருடைய மானத்தைப் பற்றிய கதை என்பதிலேயே இரண்டு கட்சி உண்டாகும். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ இன்னொரு நல்ல தொடக்கம். அதுவும் சின்னதுதான், அதில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்று சொல்கிறவரும், எல்லாமே நடந்துவிட்டது என்று சொல்கிறவரும் ஒரே குழுவில் இருப்பார்கள்.

முதல் மூன்று மாதத்துக்குள் வேண்டாதவை என்று சிலவற்றைச் சொல்வேன். சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) பிரமாதமான புத்தகம், ஆனால் வாழ்ந்தே இராத ஒரு மலையாள எழுத்தாளனைப் பற்றிக் குறிப்பும் நாட்குறிப்புமாகப் போகிற வடிவம், ‘கதை எங்கே’ என்று தேடும் புதியவரை மிரட்டிவிடும். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யும் அப்படித்தான். இரண்டாம் உலகப்போர் காலத்து மெடான், பினாங்கு, கப்பல், கலவரம் என்று தமிழில் வேறெங்கும் பார்க்க முடியாத உலகம் அதில் இருக்கிறது, ஆனால் முதல் ஐம்பது பக்கத்தில் இடமும் காலமும் மாறி மாறி வருவதால் பாதிப்பேர் மூடிவைத்துவிடுவார்கள். இந்த இரண்டையும் ஆறாவது மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் “புரியலைன்னா பரவாயில்லை, கூட்டத்துல பேசிக்கலாம்” என்ற நம்பிக்கை எல்லோருக்கும் வந்திருக்கும்.

இரண்டாவது மூன்றாவது மாதத்துக்குக் குடும்பத்துக்குள் நடக்கும் கதைகளை எடுத்தால் எல்லோருக்கும் வாய் திறக்கும். தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) இதற்கென்றே எழுதிய மாதிரி இருக்கும். தாய் அலங்காரத்தைக் குற்றவாளி என்பவர்கள், அவள் கணவனைக் குற்றவாளி என்பவர்கள், மகன் அப்புவின் கோழைத்தனத்தைத்தான் பேச வேண்டும் என்பவர்கள் என்று குழு மூன்றாகப் பிரியும், வயதுக்குத் தகுந்தபடி பிரிவதையும் கவனிக்கலாம். ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எடுத்தால் கூடவே அவருடைய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையையும் படிக்க வையுங்கள். சிறுகதையில், முன்பின் தெரியாத ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய மகள் நடந்ததைச் சொல்ல, அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அதே இடத்தில் அம்மா கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்பதுதான் நாவல். பதினைந்து பக்கம் கூடுதலாகப் படித்தால் ஒரு மணி நேரப் பேச்சு கிடைக்கும்.

இந்த மாதிரி ஜோடி சேர்த்துப் படிக்கிற உத்தி பெருமாள்முருகனிடமும் நன்றாக வேலை செய்யும். ‘மாதொருபாகன்’ முடிகிற இடத்திலிருந்து ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என்று இரண்டு வெவ்வேறு தொடர்ச்சிகளை அவரே எழுதியிருக்கிறார், ஒன்றில் நடப்பது இன்னொன்றில் நடக்காது. முதல் நாவலை மட்டும் எல்லோரும் படியுங்கள். அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று ஆளுக்கொரு துண்டுத்தாளில் எழுதுங்கள். பிறகு பாதிப்பேர் ஒன்றையும் மீதிப்பேர் மற்றதையும் படித்து வந்து ஒருவருக்கொருவர் கதை சொல்லட்டும்.

வட்டார வழக்கு அதிகமுள்ள நாவல்கள் வருடத்துக்கு இரண்டாவது இருக்கட்டும். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976), கே. டானியலின் ‘பஞ்சமர்’, பூமணியின் ‘வெக்கை’ (1982) எல்லாம் கண்ணால் படிக்கும்போது தடுக்கும், வாய்விட்டுப் படித்தால் ஓடும். கரிசல் சொற்களுக்குக் கி.ரா.வே தொகுத்த அகராதி இருக்கிறது. யாழ்ப்பாணப் பேச்சு தெரிந்தவர் குழுவில் இருந்தால் அவரை இரண்டு பக்கம் வாசித்து ஒலிப்பதிவு செய்து போடச் சொல்லுங்கள், மற்றவர்களுக்குக் காது பழகிவிடும்.

பெரிய நாவலுக்கான இரண்டு மாதத்தில் பொன்னியின் செல்வனைப் போடலாமா என்று யாராவது கேட்பார்கள். ஐந்து பாகம், இரண்டு மாதத்தில் அடங்காது. ஆனால் அது 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக வந்தது என்பதை நினைவில் வைத்து, பட்டியலுக்கு வெளியே, வாரத்துக்கு ஐந்தாறு அத்தியாயம் என்று வருடம் முழுக்க ஓட விடலாம், விருப்பமுள்ளவர்கள் மட்டும். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதில் இன்றுவரை வாசகர்கள் ஒத்துப்போகவில்லை, அதுவே இந்தக் கட்டுரையின் அளவுகோலில் அதற்குப் போதுமான தகுதி. கதை சட்டென்று முடிந்துவிட்டதாக அப்போதைய வாசகர்கள் நினைத்ததற்குக் கல்கி முடிவுரையில் பதில் சொல்லியிருக்கிறார், அதைத் தவறவிடாமல் படியுங்கள்.

ஒரு மொழிபெயர்ப்பும் வேண்டும். தகழியின் ‘செம்மீன்’ சுந்தர ராமசாமியின் தமிழில் இருக்கிறது, சரளமாகப் போகும், அதே சமயம் மனைவி கற்போடு இருந்தால்தான் கடலுக்குப் போன கணவனைக் கடலம்மா காப்பாள் என்ற நம்பிக்கையை ஆசிரியர் ஏற்கிறாரா, அதை வைத்துப் பெண்களைக் கட்டுப்படுத்துவதைக் காட்டுகிறாரா என்று நன்றாகவே வாதாடலாம். சமீப காலத்துப் புத்தகம் ஒன்றாவது இருக்கட்டும், அதற்கு நான் பெயர் சொல்லப் போவதில்லை, அதை நீங்கள் பந்தயம் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, பட்டியலை எழுதி முடித்தபின் ஒரு தடவை தள்ளி வைத்துப் பாருங்கள். பத்தும் ஆண்கள் எழுதியதா? பத்தும் ஒரே சாதி, ஒரே ஊர்ப் பக்கத்துக் கதைகளா? அப்படி இருந்தால் ஐந்தாவது மாதத்திலேயே சலித்துவிடும். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’, சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’, தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ என்று போகும்போதுதான் உப்பளமும் கடற்கரையும் அகதி விண்ணப்பமும் ஒரே வருடத்துக்குள் வரும்.

படிக்கிற நாலு வாரம்

பக்க எண்ணை வைத்துப் பேசாதீர்கள். ஒருவர் பழைய பதிப்பு, ஒருவர் புதுப் பதிப்பு, ஒருவர் கிண்டில், பக்கம் பொருந்தவே பொருந்தாது. அத்தியாய எண்தான் எல்லோருக்கும் பொது. பாதி வழியில், அதாவது இரண்டாவது வார முடிவில், “எதுவரை வந்திருக்கீங்க” என்று ஒரு கேள்வி, அவ்வளவு போதும். அந்த இடத்துக்கு மேல் நடப்பதைக் கூட்டம் வரை குழுவில் எழுதக் கூடாது.

சினிமாவாக வந்த நாவல் என்றால் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘வெக்கை’யைப் படிக்காமல் ‘அசுரன்’ (2019) பார்த்துவிட்டு வந்து பேசுகிறவர் பத்து நிமிடத்தில் மாட்டிக்கொள்வார், ஏனென்றால் கொலை செய்த பையனும் அவன் அப்பாவும் காட்டில் ஒளிந்து திரிகிற எட்டு நாளைத்தான் நாவல் சொல்கிறது, படத்தின் பெரிய முன்கதையெல்லாம் அதில் இல்லை. மாட்டிக்கொள்ளட்டும் என்று விடுவது ஒரு வழி. நான் சொல்வது, படத்தைக் கூட்டம் முடிந்த பிறகு பாருங்கள், தனியாக ஒரு நாள் அதைப் பற்றிப் பேசுங்கள்.

பாத்திரங்கள் நிறைய உள்ள நாவலுக்கு, சல்மாவுடையது மாதிரி, யாராவது ஒருவர் முதல் வாரத்திலேயே யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் வரைந்து படமெடுத்துப் போட்டால் பெரிய உதவி. பின்னால் வரும் திருப்பங்களை அதில் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டம்

ஒரு ஆள் பேச்சை நடத்த வேண்டும், மாதத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து. புத்தகத்தை முன்மொழிந்தவர் அதை நடத்தக் கூடாது. தன் பிள்ளையைப் பற்றி ஊரார் பேசுவதைக் கேட்கிற மாதிரி அவருக்கு முகம் சிவக்கும், யார் குறை சொன்னாலும் பதில் சொல்லக் கிளம்பிவிடுவார். வேறொருவர் நடத்தட்டும், முன்மொழிந்தவர் கடைசியாகப் பேசட்டும்.

“பிடிச்சதா?” என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஆம் இல்லை என்று பதில் சொன்னதும் அவரவர் கட்சியில் உட்கார்ந்துவிடுவார்கள், பிறகு நகர மாட்டார்கள். அதற்குப் பதில் ஒவ்வொருவரையும் ஒரு இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்: படிப்பதை நிறுத்திவிட்டு மேலே பார்த்த இடம், அல்லது எரிச்சல் வந்த இடம், அல்லது நம்ப முடியாத இடம். அந்தப் பத்தியை வாய்விட்டு வாசிக்கட்டும். இதற்கு ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். சுற்று முடியும்போது குறைந்தது இரண்டு பேர் ஒரே இடத்தை எதிரெதிர்க் காரணத்துக்காகக் காட்டியிருப்பார்கள், பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்விகளை முன்கூட்டி எழுதி வருவது நல்லது, ஆனால் பரீட்சைத் தாள் மாதிரி இருபது வேண்டாம், நாலு போதும். நாவல் எதுவானாலும் எடுபடுகிற சில: இந்தக் கதையை வேறு யார் சொல்லியிருந்தால் தலைகீழாக மாறியிருக்கும்? ஆசிரியர் யாருக்குச் சலுகை காட்டுகிறார்? எந்த அத்தியாயத்தை வெட்டினால் நஷ்டமில்லை? கடைசிப் பக்கத்துக்கு முன்பே நாவல் முடிந்துவிட்டது என்று தோன்றியதா, எங்கே? அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’க்கு இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், அதன் கடைசிக் காட்சி இல்லாவிட்டால் அது வெறும் கிரிக்கெட்டும் கல்லூரியுமாக ஹைதராபாத் நினைவுகள் ஆகியிருக்குமா என்று பேசியே நேரம் போய்விடும்.

அதிகம் பேசுகிறவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு. அவரைத் தடுக்க முயல்வதை விட, பேசாதவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மேல். “நீங்க சொல்லுங்க” என்று பொதுவாகக் கேட்டால் அவர் சிரித்துவிட்டு ஒதுங்குவார், “மூணாவது அத்தியாயத்துல உங்களுக்கு எரிச்சல் வந்துச்சுன்னு சொன்னீங்களே, ஏன்?” என்றால் பேசுவார்.

சாதி, மதம், போர் பற்றிய நாவல்களில் ஒரு எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. ‘பஞ்சமர்’ பேசும்போது குழுவில் யாராவது அந்த அனுபவத்தின் ஏதோ ஒரு பக்கத்தில் இருப்பார். அவரை “உங்க ஆளுங்க வழக்கத்துல இது எப்படி” என்று சாட்சிக் கூண்டில் ஏற்றக் கூடாது. அவராகச் சொன்னால் கேட்கலாம். பாத்திரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், எதிரே இருப்பவரின் வாழ்க்கையை அல்ல. இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள், பிரச்சினை வந்த பிறகு சொன்னால் ஒருவரைக் குறிவைத்துச் சொன்னதாக ஆகும்.

முடிக்காதவர்கள்

வரலாம். கட்டாயம் வர வேண்டும். முடிக்காததற்கு மன்னிப்புக் கேட்க வைக்கிற குழுவில் அடுத்த மாதம் ஆள் குறையும். ஆனால் இரண்டு விதி: முடிவைச் சொல்லிவிட்டார்கள் என்று குறைபடக் கூடாது, எந்த அத்தியாயத்தில் நிறுத்தினார் என்பதையும் ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். இதில் கிடைக்கிற தகவல் சும்மா இல்லை. ஐந்து பேர் ஒரே அத்தியாயத்தில் நிறுத்தியிருந்தால் அங்கே நாவலில் ஏதோ இருக்கிறது, அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசலாம். நேரம் இல்லாமல் நிறுத்தியது வேறு, பிடிக்காமல் நிறுத்தியது வேறு, குறிப்பில் இரண்டையும் பிரித்து எழுதுங்கள், வருட முடிவில் தேவைப்படும்.

குறிப்பும் மதிப்பெண்ணும்

கூகுள் ஷீட்டில் ஒரு தாள். புத்தகம், மாதம், ஆளின் பெயர், முடித்தாரா, பத்துக்கு எத்தனை, இரண்டு மூன்று வரி. மதிப்பெண்ணை இரண்டு தடவை போடுங்கள், கூட்டத்துக்கு வரும் முன் ஒன்று, முடிந்த அன்றிரவு ஒன்று. முன்னதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள வேண்டாம். எட்டு போட்டவர் பேச்சுக்குப் பின் ஐந்துக்கு இறங்குவதும், நாலு போட்டவர் ஏழுக்கு ஏறுவதும் நடக்கும். எண் மாறவே மாறாத கூட்டங்கள் தொடர்ந்து வந்தால் புத்தகத் தேர்வில் கோளாறு என்று அர்த்தம். அந்த இரண்டு மூன்று வரியைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள், டிசம்பரில் உட்கார்ந்து பிப்ரவரியில் படித்த நாவலை யோசித்தால் பாத்திரத்தின் பெயர்கூட ஞாபகம் வராது.

வருட முடிவில் ஓட்டு

இது விளையாட்டுத்தான், ஆனாலும் சரியாக நடத்தினால் நல்ல விளையாட்டு. ஆளுக்கு ஒரு ஓட்டு என்று வைத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். எட்டுப் பேரில் மூன்று பேர் போன மாதம் படித்த, இன்னும் மனதில் சூடாக இருக்கிற புத்தகத்துக்குப் போடுவார்கள். மற்ற ஐந்து பேரின் ஓட்டு ஐந்து புத்தகத்துக்குச் சிதறும். மூன்று ஓட்டில் அது ஜெயித்துவிடும், மற்ற ஐந்து பேருக்கு அது முதல் ஐந்தில்கூட இல்லாமல் இருக்கலாம்.

அதற்குப் பதில் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஐந்தை வரிசைப்படுத்தட்டும், முதலாவதுக்கு 5 புள்ளி, ஐந்தாவதுக்கு 1. மேலே சொன்ன புத்தகம் மூன்று முதலிடத்தோடு 15 புள்ளியில் நிற்கும், ஆறு பேர் இரண்டாமிடத்தில் வைத்த இன்னொன்று 24 வாங்கி அதைத் தாண்டிவிடும். 1770இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் போர்டா தேர்தலுக்காகச் சொன்ன முறையின் சின்ன வடிவம்தான் இது. வரிசைப்படுத்தும் முன் அவரவர் எழுதிய பழைய குறிப்புகளைப் பத்து நிமிடம் படிக்க வையுங்கள், கடைசி மாதப் புத்தகத்தின் சலுகை பெருமளவு போய்விடும்.

புள்ளி முறையிலும் ஒரு குறை இருக்கிறது. எல்லோருக்கும் ஓரளவு பிடித்ததைத்தான் அது மேலே தள்ளும், பேச்சு இருபது நிமிடத்தில் தீர்ந்துபோன அந்தச் சாதுவான நாவல் கோப்பையைத் தட்டிச் செல்லும் அபாயம் உண்டு. அதனால் இன்னொரு இடத்தையும் அறிவியுங்கள்: குழுவை அதிகம் பிரித்த நாவல். இதற்குச் சராசரியைப் பார்த்துப் பயனில்லை. ஒரு நாவலுக்கு 9, 9, 8, 3, 2, 9, 4, 8 என்று விழுந்திருக்கிறது, இன்னொன்றுக்கு நாலு பேர் 7, நாலு பேர் 6. இரண்டுக்கும் சராசரி 6.5 தான். ஆனால் முதலாவதைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை, இரண்டாவதை யாரும் மறுபடி எடுத்தே பேசவில்லை. அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், அது போதும். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது பட்டம்தான் பெரியது.

முடித்தவர்களின் எண்ணிக்கையையும் மதிப்பெண் பக்கத்தில் எழுதுங்கள். எட்டில் மூன்று பேர் மட்டும் முடித்து மூவரும் 9 கொடுத்த நாவல் சராசரியில் முதலிடம் பிடிக்கும், பிடிக்காதவர்கள் எல்லாம் நடுவிலேயே இறங்கிவிட்டதால். பாதிப்பேராவது முடித்திருந்தால்தான் போட்டியில் சேர்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி வெளியே நின்றுபோனவற்றைத் தனியாக ஒரு பட்டியலாக எழுதி வையுங்கள். ‘புயலிலே ஒரு தோணி’ பல குழுக்களில் இந்தப் பட்டியலில்தான் போய் உட்காரும்.

முடிவை அறிவித்த அன்றே அடுத்த வருடத்துக்கான முன்மொழிவுகளையும் வாங்கிவிடுங்கள், ஜனவரி வரை விட்டால் ஆள் கலைந்துவிடும். முடிக்க முடியாமல் போன நாவல்களில் ஒன்றுக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுங்கள், இந்தத் தடவை இரண்டு மாதம். அதைப் பேச நடத்துகிறவராக, போன தடவை முதல் ஆளாக நிறுத்தியவரைப் போடுங்கள்.